இரட்டை வேகத்தில் கேட்ட குரல்

அப்பா,

புதுப் போன் ஒன்று வாங்கிவிட்டேன். பழையது பற்றரி ஊதி முதுகு பிளந்து போயிருந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்கள் இருக்கும்போதே அதை ரப்பர் பட்டி போட்டுக் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான். "உதென்ன பிள்ளை, போனுக்கும் காயக்கட்டோ?" என்று சிரித்தீர்கள். போன செவ்வாய் மத்தியானம் கம்பஸ் மாணவர் ஒன்றிய அறையில் இருந்து பழையதில் கிடந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினேன். எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க, கைக்கு அகப்பட்ட உங்கள் குரல் செய்தி ஒன்றை அழுத்தினேன்.

ஸ்பீக்கர் பழுது என்றுதான் நினைத்தேன். குரல் உங்களுடையதுதான், ஆனால் இழுபட்டு இழுபட்டு வந்தது. "பிள்ளை... இண்டைக்குச் சந்தையிலை... நல்ல விளைமீன்... கொம்மா குழம்பு... வைச்சவ..." கறுமம், புதுப் போனும் இப்படியா என்று அதன் தலையில் தட்டினேன். பக்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நிரோஜா அதை என் கையிலிருந்து பறித்துப் பார்த்தாள். அவள் என்னோடு ஒரே பட்ச், ஒன்றியத்தின் செயலாளர்.

"பழுதொண்டும் இல்லையடி. நீ எல்லாத்தையும் ரண்டு மடங்கு வேகத்திலை எல்லே கேக்கிறனி. இது புதுசு, சாதாரண வேகத்திலை ஓடுது."

சொல்லிவிட்டுத் திருப்பித் தரவில்லை. கொஞ்சம் கேட்டாள். முகம் மாறியது.

"ஆரடி இது? பாவம், மூச்சு விடக் கஷ்டப்படுறார். டொக்டரிட்டைக் காட்டினதே?"

"அப்பா" என்றேன்.

அவள் போனை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய் யன்னலடியில் நின்றாள். உங்கள் செத்தவீட்டில் எனக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். உங்கள் குரலை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. முதல் தடவை கேட்டவளுக்கு விளங்கியது, மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அப்பா, வேறு என்ன சொல்ல.

இந்த வேக விசயத்தை நான் உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் மனம் நோவீர்கள் என்று தெரியும். எங்கள் பட்ச்சில் எல்லோரும் அப்படித்தான். விரிவுரைப் பதிவுகளை முதலாம் வருடத்தில் ஒன்றரை மடங்கில் கேட்கத் தொடங்கி, அடுத்த வருடமே இரண்டு மடங்குக்கு வந்துவிட்டோம். ஒரு மணித்தியால விரிவுரை அரை மணித்தியாலத்தில் முடியும், மிச்ச நேரத்தில் இன்னொரு வேலை பார்க்கலாம். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பழகிவிட்டால் பக்கத்தில் இருக்கிற மனிதர் சாதாரணமாகக் கதைப்பதுகூட எரிச்சல் தரும். அந்த வரிசையில் உங்களையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

குரல் செய்தி அனுப்பப் பழக்கியதும் நான்தானே. கொழும்புக் கொம்பனி ஒன்று என்னைப் பயிற்சிக்கு எடுப்பதற்காக ஒன்லைனில் நேர்முகம் வைத்த நாள் நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் தங்கியிருந்த அறையில், மூன்று பேர் திரைக்குள் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை முழுக்க ஊர்ந்தது. நீங்கள்தான், விடாமல் கோல் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஆருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நேர்முகம் முடிந்த கையோடு எடுத்தால், வீட்டு முருங்கையில் காய் பிடுங்கி வைத்திருக்கிறது, பருத்தித்துறை பஸ்ஸில் ட்றைவரிடம் கொடுத்து விடட்டோ என்று கேட்கிறீர்கள்.

"ஐயோ அப்பா! எனக்கு இஞ்சை விசர் பிடிக்குது. இனிக் கோல் எடுக்காதேங்கோ, வொய்ஸ் போடுங்கோ. நான் நேரம் கிடைக்கேக்கை கேக்கிறன்."

"வொய்ஸ் எண்டால்?"

அந்தச் சனிக்கிழமை வந்து காட்டித் தந்தேன். பட்டனைப் பிடித்துக்கொண்டு கதைக்க வேண்டும், விட்டால் போய்விடும் என்றேன். பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லையே! "வணக்கம் பிள்ளை, அப்பா கதைக்கிறன்" என்று வானொலிக்காரர் போலத் தொடங்குவீர்கள். ஆர் கதைக்கிறதென்று மேலே பேர் கிடக்கும் என்றால், "கிடந்தாலும் சொல்லுறதுதானே மரியாதை" என்பீர்கள். முடிவில் "சரி, வைக்கிறன்" என்பீர்கள். வைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. துறைமுகத்தடியில் இருந்த உங்கள் படகு எஞ்சின் சாமான் கடைக்கு அன்றைக்கு வந்தவர், போனவர், கடன் கேட்டவர், கடலில் காற்று எந்தப் பக்கம், அடுத்த வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம் அதற்குள் வரும். என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டீர்கள். பதில் சொல்ல எனக்கு நேரம் போகும் என்று கேட்காமலே விட்டிருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அந்த வருடம் நான் எப்படி ஓடினேன் என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. ஒன்றியத் தேர்தலில் வென்று தலைவியானேன். காலையில் கொழும்பு மீற்றிங், பிறகு விரிவுரை, மத்தியானம் கன்ரீன் தண்ணீர்ப் பிரச்சினையோடு எங்கள் பீடத் தலைவரான பீடாதிபதியின் அறை வாசல், பின்னேரம் கனடாவில் உள்ள கலியாண மண்டபம் ஒன்றுக்கு இணையத்தளம். ஒரு நாள் ஒரு காதில் கொழும்பும் மறு காதில் பீடாதிபதியுமாக நின்று, பீடாதிபதிக்குச் சொல்ல வேண்டிய மறுமொழியைக் கொழும்புக்குச் சொன்னேன். நீங்களோ, ஒரு ஸ்பார்க் பிளக் வாங்க வந்த மனிசனுக்குக்கூட நான் தலைவியான கதையை முழுக்கச் சொல்லித்தான் அனுப்புவீர்களாம். செத்தவீட்டில் கண்டவர்கள் எல்லாம் "தலைவி எண்டது இந்தப் பிள்ளைதானே" என்று கேட்டார்கள். எங்கே முகத்தை வைக்கிறதென்று தெரியவில்லை.

உங்கள் செய்திகளை நான் சைக்கிளில் போகும்போதுதான் கேட்பேன். தங்கியிருந்த வீட்டிலிருந்து கம்பஸ் வாசல் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். இரண்டு மடங்கில் உங்கள் குரல் அணில் கத்துவது போல இருக்கும். ஒரு நாள் சிரிப்பு வந்து ஓட்டோ ஒன்றில் மோதப் பார்த்தேன்.

பங்குனிக்குப் பிறகு செய்திகள் நீளத் தொடங்கின. முதலில் ஒரு நிமிடம் அளவில் இருந்தவை இரண்டாகி, அதையும் தாண்டின. நீளம்தான் பக்கத்திலேயே எழுதிக் கிடக்கிறதே. வாசல் வந்தும் முடியாமல், சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று கேட்க வேண்டி வந்தது. பாதியில் விட்ட நாட்களும் உண்டு. அது உங்களுக்குத் தெரியாது, இப்போது சொல்கிறேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கடையால் வரும்போது சைக்கிளை ஓடாமல் உருட்டிக்கொண்டு வந்தீர்கள். ரயர் காற்றுப் போச்சோ என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, வெயில்" என்றீர்கள். நான் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை விரித்து வைத்திருந்தேன். நல்ல மனநிலையில்தான் சொன்னேன், கோபத்தில் இல்லை.

"அப்பா, உங்கடை வொய்ஸ் வரவர நீண்டுகொண்டு போகுது. கோயில் பிரசங்கம் மாதிரி. எப்பன் சுருக்கிச் சொல்லுங்கோ."

"அப்பிடியே? நான் உள்ளதைத்தானே பிள்ளை சொல்லுறன்."

"உள்ளதிலை பாதியைச் சொன்னால் காணும்."

குசினிக்குள் இருந்து அம்மா, "வயசு போகப் போக வாய் கூடுது கொப்பருக்கு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். உங்களுக்குச் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றீர்கள். நான் கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டால் எனக்கு வசதிதான், ஆனால் பார்த்தேன் அப்பா. பார்த்துவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை அன்று ஒன்றிய அறையிலிருந்து நேரே அறைக்கு வந்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்டேன். சாதாரண வேகத்தில், ஒன்றையும் தாண்டாமல். தையில் நீங்கள் மழையைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தி இருக்கிறது, ஒரே மூச்சில் சொல்லி முடித்துச் சிரிக்கவும் செய்கிறீர்கள். சித்திரையில் மழையைப் பற்றி இன்னொன்று இருக்கிறது. கிட்டத்தட்ட அதே சொற்கள்தான். நீளம் மட்டும் இரண்டு மடங்கு. நீங்கள் கூடுதலாக ஒன்றும் கதைக்கவே இல்லை. அதே கதையை, இடையிடையே நின்று மூச்சு எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். நான் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டதில் அந்த மூச்சுகள் எல்லாம் நசிந்துபோய், ஆரும் கதைக்கும்போது விடுகிற சின்ன இடைவெளி போலக் கேட்டிருக்கிறது. மூச்சு வாங்கிய மனிதரைப் பார்த்து நான் சுருக்கிச் சொல்லுங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு செய்திகள் எல்லாம் டக்கெனச் சின்னதாகி விடுகின்றன. அப்போது எனக்குச் சந்தோசம். அப்பா சொல்லுக் கேட்கிற பிள்ளை என்று நிரோஜாவிடம் பகிடி விட்டேன். உங்களுக்கு ஒரு சிவப்பு இதயம்கூட அனுப்பினேன்.

நேற்று முன்தினம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா எனக்கு வொய்ஸ் போடேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்களே?" என்று. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"பக்கத்திலை இருக்க விடுவாரே? அறைக்குள்ளை கட்டில்லை இருந்து, மூச்சை இழுத்து வைச்சுக்கொண்டு ஒரே தம்மிலை கதைப்பார். இடையிலை நிண்டு போனால் அழிச்சுப் போட்டுத் திருப்பிக் கதைப்பார். ஏனப்பா உந்தப் பாடு எண்டு கேட்டன். பிள்ளை சுருக்கிச் சொல்லச் சொன்னது எண்டார்."

நான் அம்மியடியில் குந்திவிட்டேன்.

"டொக்டரிட்டைப் போவம் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்" என்று அம்மா தொடர்ந்தார். "பிள்ளையின்ரை நிகழ்ச்சி முடியட்டும், இப்ப கேள்விப்பட்டால் எல்லாத்தையும் போட்டிட்டு ஓடி வந்திடும் எண்டிட்டார். நானும் வெயில் களை, வயசுக் களை எண்டு விட்டிட்டன். ஒரு வீட்டுக்குள்ளை இருந்த எனக்கே விளங்கேல்லை, உனக்கு எப்பிடிப் பிள்ளை விளங்கும்?"

ஓடி வந்திருப்பேனா அப்பா? நீங்கள் அப்படி நம்பியிருக்கிறீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஏனென்றால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. "மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, றிப்போட்டைப் படம் பிடிச்சு அனுப்புங்கோ" என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என்னை எனக்குத் தெரியும்.

அந்த நிகழ்ச்சி எங்கள் தொழில்நுட்ப நாள். ஒன்றியம் நடத்தியது, கொழும்பிலிருந்து என் கொம்பனிக்காரரும் வந்தார்கள், இரண்டு பக்கமும் நான்தான் நடுவில். காலையில் உங்கள் செய்தி வந்தது. கேட்டேன். கேட்கவில்லை என்று இல்லை. "பிள்ளை, இண்டைக்குக் கடை துறக்கேல்லை, எப்பன் அலுப்பு. நீ வடிவாச் செய், ஆரோடையும் கோவிக்காதை. சரி, வைக்கிறன்." செத்தவீடு, கோயில் தேர் தவிர நீங்கள் கடை பூட்டி நான் அறியேன். புயல் கூவிய நாளிலும் அரைக்கதவு திறந்து வைத்திருந்த மனிதர். கடை திறக்கவில்லை என்ற சொல் என் காதுக்குள் போய், மறு பக்கத்தால் போய்விட்டது. வடிவாச் செய் என்றது மட்டும் நின்றது. பெருவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மண்டபத்துக்குள் ஓடினேன்.

மத்தியானச் சாப்பாட்டுப் பொதி கொடுத்துக்கொண்டிருக்கும்போது மாமா கோல் எடுத்தார். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது உங்கள் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். டொக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். இதயம் கன நாளாக் களைச்சுப் போயிருக்கு, மூச்சு வாங்கினதை வீட்டிலை ஒருதரும் கவனிக்கேல்லையோ என்று கேட்டார். "அவர் ஒண்டும் சொல்லேல்லை டொக்டர்" என்றேன். அழுதுகொண்டு, முழு நம்பிக்கையோடு அந்தப் பொய்யைச் சொன்னேன்.

பொய் அதோடு நிற்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்றார்கள். உங்கள் படமும் வாழ்க்கை வரலாறும் போட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கிற அந்தப் புத்தகத்தை நானே எழுதி, நானே வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். இரண்டு மீற்றிங்குகளுக்கு நடுவில் முடித்தேன், மாமி வடிவாய் இருக்கு என்று பாராட்டினார். அதில் "திடீரெனக் காலமானார்" என்று எழுதியிருக்கிறேன். சித்திரையும் வைகாசியும் ஆனியும் நீங்கள் என் சட்டைப் பைக்குள் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். திடீரென என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. இருநூறு வீடுகளில் அது இப்போது சாமிப்படத்தடியில் கிடக்கிறது. போய்ப் பறித்துக்கொண்டு வரவா முடியும்?

நிரோஜா என்னைத் தேற்றப் பார்த்தாள். "நீ என்ன டொக்டரோ? உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "டொக்டரில்லை, காது இருந்தது தானே" என்று அவள் மேல் பாய்ந்தேன். நேரத்துக்குக் காட்டியிருந்தால் மருந்து குளிசையோடு கன காலம் இருந்திருப்பீர்களா, இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. தெரியாமல் இருப்பது ஆறுதல் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பயிற்சி முடிந்து கொம்பனி எனக்கு நிரந்தர வேலை தந்திருக்கிறது. மதிப்பீட்டில் "மிகவும் வேகமானவர்" என்று எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டு மூடி வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை அப்பா, சொல்லப்போவதும் இல்லை, அம்மாவையும் பார்க்க வேண்டும். விரிவுரைகளை இன்னும் இரண்டு மடங்கில்தான் கேட்கிறேன். திருந்திவிட்டேன் என்று உங்களுக்குக் கதை விடப் போவதில்லை.

அம்மாவின் சங்கதி ஒன்றுதான் சொல்ல மிச்சம். அவர் எனக்குக் கோல் எடுத்தால் வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. "பிள்ளை, காஸ் முடிஞ்சுது, மாமா மாத்தித் தந்தவர், கிணத்து மோட்டரும் சரி, நான் சாப்பிட்டன், வைக்கிறன்." அவ்வளவுதான், மழை கொட்டி ஓய்ந்தது போல முடிந்துவிடும். நான் ஒரு சொல்லுச் சொல்வதற்குள் துண்டித்துவிடுவார். என்னோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று நீங்கள்தான் பழக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இன்றைக்குப் பின்னேரம் நானாக அம்மாவுக்கு எடுத்தேன். லப்டொப்பை மூடிவிட்டு, ஒரு வேலையும் கையில் வைத்திராமல், முற்றத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினார்.

"என்ன பிள்ளை? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை அம்மா. சும்மா கதைப்பம் எண்டு."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் உயர்ந்தது.

"பொய் சொல்லாதை. சைக்கிளிலை இருந்து விழுந்தனியே? ஆஸ்பத்திரியிலை நிக்கிறியே? பக்கத்திலை நிரோஜா நிண்டால் அவளிட்டைக் குடு."

"அம்மா, சத்தியமா ஒண்டும் இல்லை."

"நான் உடன வெளிக்கிட்டு வாறன். பஸ் இருக்கு."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை, அப்பா. வெளிக்கிட்டு வந்தே விட்டார். பஸ்ஸால் இறங்கியவர் சந்தியில் வைத்தே என் கையைத் தூக்கிப் பார்த்தார், காலைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சனம் பார்த்துக்கொண்டு போனது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப ஏன் பிள்ளை எடுத்தனி?" என்று கேட்டார்.